ஜாக் ஓ'கானரும் .270 தோட்டாவும்: ஒருவருடைய எழுத்துக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது?

புதுவேட்டைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகருக்கு நான் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இவ்வாண்டு வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். இலையுதிர் காலத்தில் மியூல் மானுக்கும், உரிமம் கிடைத்தால் எல்க் என்ற பெரிய மானுக்கும் போக எண்ணியிருக்கிறேன். எந்த ரைஃபிளை வாங்கலாம் என்று சுடுதளத்தில் மூன்று பெரியவர்களிடம் தனித்தனியே கேட்டேன். மூவரும் .270 வின்செஸ்டர் என்ற தோட்டாவைச் சுடும் ரைஃபிள் என்றார்கள். மூவரும் அதற்குக் காரணமாக ஜாக் ஓ'கானர் என்ற வேட்டை எழுத்தாளரின் பெயரையே சொன்னார்கள். அவர் எழுதியவற்றுள் எதைப் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, ஒருவர் தம் தந்தை படிப்பார் என்றார். இன்னொருவர் சிறுவயதில் முடிதிருத்தும் கடையில் புரட்டிய நினைவு என்றார். மூன்றாமவர் சிரித்துவிட்டுத் துப்பாக்கியைத் துடைக்கப் போய்விட்டார்.

1978இல் மறைந்த ஒருவருடைய பேச்சு, அவரைப் படிக்காதவர்களின் வாயிலும் இன்றுவரை எப்படி நிற்கிறது? அந்தத் தோட்டாவை அவர்தான் வாழவைத்தாரா, அல்லது நல்ல சரக்கு ஒன்றின் பக்கத்தில் நின்றதால் அவருக்குப் புகழ் வந்ததா? விவரம் அறிந்தவர்கள் சொல்லவேண்டும்.

---

மூர்மார்க்கெட் வாசகன் எழுதியது:

நான் வேட்டையாடியவன் அல்லன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. ஆனால் சென்னை மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன், அங்கே பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த 'அவுட்டோர் லைஃப்' என்ற அமெரிக்க வேட்டை இதழ்களைக் கட்டாக வாங்கிப் படித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம். ஆசிரியர் பெயரைப் பார்க்காமலே இது ஓ'கானருடைய கட்டுரை என்று இரண்டாம் பத்தியில் சொல்லிவிட முடியும். அது எனக்கு அந்த வயதில் பெரிய வியப்பு.

அவர் 1902இல் அரிசோனாவின் நோகாலெஸ் ஊரில் பிறந்தார். அரிசோனா அப்போது மாநிலமாகக்கூட ஆகியிருக்கவில்லை. துப்பாக்கியைப் பற்றி எழுதுவதற்கு முன்பே நாவலாசிரியர். முதல் நாவல் 1930இல் வந்தது. டூசானிலுள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் இதழியலும் கற்பித்தார். 'அவுட்டோர் லைஃப்' இதழில் 1930களில் எழுதத் தொடங்கி, 1941 முதல் 1972 வரை அதன் துப்பாக்கிப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். ஏறத்தாழ முப்பத்தோராண்டுகள், மாதம் தவறாமல், ஒரே குரல். தந்தை படித்து முடித்த இதழை மகன் எடுத்துப் படித்து, அந்த மகனுக்கும் ஒரு மகன் பிறக்கிற அளவுக்கு நீண்ட காலம் அது. உங்கள் சுடுதளப் பெரியவர்கள் மூவரும் ஏன் ஒரே பெயரைச் சொன்னார்கள் என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி அவருடைய எழுத்தில் இருக்கிறது. மற்றவர்கள் தோட்டாவின் வேகத்தையும் எடையையும் அட்டவணை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர் முதலில் மலையைக் காட்டுவார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஆட்டுக்கடா எந்தப் பாறையின் நிழலில் படுத்திருக்கிறது, தான் மூச்சிரைக்க எங்கே உட்கார்ந்தார் என்பதையெல்லாம் சொன்ன பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு வரும். அதற்குள் படிப்பவன் மனத்தளவில் அந்தச் சரிவில் குப்புறப் படுத்துவிடுவான். அந்த நேரத்தில் கையில் இருப்பது .270 என்றால், அவனுக்கும் வேண்டியது .270தான். குறி தவறியதையும் அவர் மறைக்காமல் எழுதுவார் என்பதால், தவறவில்லை என்று சொல்லும்போது நம்பத் தோன்றும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலுள்ள பதிவு அழகாக இருக்கிறது; ஆனால் அதில் தோட்டா காணாமல் போய்விட்டது. குழப்பம் வராதிருக்க, பித்தளைக் கூடும் வெடிமருந்தும் சேர்ந்த முழுப்பொருளைத் தோட்டா என்றும், பறந்துபோகும் முனையைக் குண்டு என்றும் சொல்கிறேன்.

.270 வின்செஸ்டர் 1925இல் மாடல் 54 என்ற ரைஃபிளோடு வந்தது. ஓ'கானர் அப்போது இருபத்து மூன்று வயது இளைஞர். எந்தப் பத்திரிகைக்கும் ஆசிரியர் அல்லர். .30-06 என்ற பழைய இராணுவத் தோட்டாவின் குடும்பத்துக் கூட்டின் கழுத்தை .277 அங்குலக் குண்டுக்கு ஏற்றவாறு ஒடுக்கி, 130 கிரெய்ன் குண்டை, அதாவது ஏறத்தாழ 8.4 கிராமை, விநாடிக்கு 3,000 அடிக்கும் மேலான வேகத்தில் அனுப்பினார்கள். தொழிற்சாலை முதலில் விளம்பரப்படுத்திய வேகம் 3,100 அடிக்கும் மேல். பிற்காலத்தில் அது 3,060 என்றாயிற்று. அதே காலத்து .30-06இன் 180 கிரெய்ன் குண்டு 2,700 அடி.

இந்த வேறுபாடு மலையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். 100 கஜத்தில் மூன்று அங்குலம் உயரே படுமாறு ஸ்கோப்பை, அதாவது ரைஃபிளின் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சரிசெய்தால், குண்டு ஏறத்தாழ 275 கஜத்தில் குறிக்கோட்டுக்கு இறங்கிவரும். 300 கஜத்திலும் சில அங்குலமே தாழும். அந்தத் தூரம்வரை மானின் மார்பை நேராகக் குறிவைத்தால் போதும். தூரம் அளக்கும் லேசர் கருவி யாரிடமும் இல்லாத காலத்தில் இது சாதாரண வசதி அன்று. எல்லாரும் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டுத் தவறிக்கொண்டிருந்தார்கள்; இந்தத் தோட்டா அந்தத் தவறை மன்னித்தது. ஓ'கானர் எழுதாமல் இருந்திருந்தாலும் வேட்டைக்காரர்கள் இதைக் கண்டுகொண்டிருப்பார்கள் என்பதே என் கருத்து. 1962இல் வந்த 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம் என்ற தோட்டா அவருடைய பெயரைச் சார்ந்து நிற்காமலே அமோகமாக விற்றது என்பதையும் நினைவில் கொள்க.

---

ரொக்கிமலையான் எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணனுடைய கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. 1957இல் .280 ரெமிங்டன் வந்தது. அதுவும் அதே .30-06 குடும்பம்தான், குண்டின் விட்டம் மயிரிழை பெரிது, செயலில் இரண்டையும் பிரித்துச் சொல்ல மானுக்குத் தெரியாது. அதன் விற்பனை என்னவாயிற்று? நிறுவனம் இடையில் பெயரைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டு, மீண்டும் பழைய பெயருக்கே திரும்பியது. ஒன்றுபோல இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு மட்டும் ஊரெல்லாம் சொந்தம். இதைக் கழுத்தின் அளவைக் கொண்டு விளக்க முடியாது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

.280 அரைத்தானியங்கி ரைஃபிளுக்காகக் குறைந்த அழுத்தத்தில் நிரப்பப்பட்டு வந்தது. முப்பதாண்டு தாமதமாகவும் வந்தது. அதுவும் ஒரு காரணம். ஆயினும் உங்கள் எடுத்துக்காட்டு வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

மூர்மார்க்கெட் வாசகன் எழுதியது:

ஓ'கானரே எழுதிய ஒரு செய்தி இங்கே பொருந்தும். .270 வந்த புதிதில் அது இறைச்சியைச் சிதைக்கிறது என்று சிலர் குறைசொன்னார்களாம். உடனே 150 கிரெய்ன் குண்டோடு வேகம் குறைந்த தோட்டா ஒன்றைச் செய்து விற்பனைக்கு வைத்தார்கள். குறைசொன்னவர்கள் உட்பட யாரும் அதை வாங்கவில்லை. மக்கள் விரும்பியது அந்த வேகத்தைத்தான். அதை முதலில் சொன்னவர் ஓ'கானர் அல்லர். ஆனால் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர்.

---

ரொக்கிமலையான் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, அல்பேர்ட்டாவில் பதினெட்டு ஆண்டுகளாக எல்க் வேட்டைக்குப் போகிறவன். இந்த இழையில் எல்மர் கீத்தின் பெயர் இன்னும் வராதது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஓ'கானருடைய செல்வாக்கை அளக்கவேண்டுமானால், அவரை எதிர்த்து நின்றவரின் செல்வாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

கீத் 1899இல் மிசூரியில் பிறந்து, ஐடஹோவின் சால்மன் ஊரில் வாழ்ந்து, 1984இல் மறைந்தவர். மாட்டுப் பண்ணைக்காரர், வேட்டைக்கு வழிகாட்டியாகக் கூலிக்குப் போனவர். சிறுவயதில் தீ விபத்தில் கை உருக்குலைந்தவர். அந்தக் கையோடுதான் நாட்டின் முன்னணிக் கைத்துப்பாக்கி வீரர்களுள் ஒருவரானார். எழுத்துப்பிழை மலிந்த அவருடைய கையெழுத்துப் படிகளைப் பத்திரிகைக்காரர்கள் சீர்செய்து அச்சிட்டார்கள். அவருக்குக் கனமான, அகன்ற குண்டு வேண்டும்; .270 எல்க்குக்குப் போதாது, கொயோட்டி நரிக்குப் பொருந்தும் என்று ஏளனம் செய்தார். அவர் தம் தோழர்களோடு உருவாக்கிய .333 தோட்டாவின் வழியில்தான் 1958இல் .338 வின்செஸ்டர் மேக்னம் வந்தது. அதற்கு முன்பே, பல ஆண்டுகள் அவர் விடாமல் நச்சரித்ததன் பயனாக 1955இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து .44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. ஆக, ஓ'கானர் இருந்த தோட்டாவைப் புகழ்ந்தார். கீத் இல்லாத தோட்டாக்களைச் செய்யவைத்தார். எது பெரிய செல்வாக்கு?

இருவரும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு, ஒருவரையொருவர் வெறுத்தார்கள் என்ற வம்புக் கதைதான் இங்கே பரவலாகச் சொல்லப்படும். வெறுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் எனக்குப் புரிந்தவரை, அவர்களுடைய வேலைதான் அவர்களைப் பிரித்தது. ஓ'கானர் தமக்காக வேட்டையாடினார். கடா பக்கவாட்டில் திரும்பும்வரை இரண்டு மணி நேரம் காத்திருக்க அவரால் முடியும், திரும்பாவிட்டால் சுடாமல் எழுந்துவரவும் முடியும். கீத் பிறருக்கு வழிகாட்டினார். காசு கொடுத்து வந்த விருந்தாளி, விடுமுறையின் கடைசி நாளில், அடர்ந்த பைன் காட்டுக்குள் ஓடும் எல்க்கின் பின்புறத்தைத்தான் சுடுவான். காயம்பட்டதைத் தேடி இருட்டில் அலைவது வழிகாட்டியின் பாடு. பின்பக்கத்திலிருந்து நுழைந்து நெஞ்சுவரை போகிற குண்டு வேண்டும் என்று அவர் கேட்டதில் என்ன பிழை? அதிலும் 1930களின் குண்டுகள் அந்த வேகத்தில் எலும்பில் பட்டால் நொறுங்கிவிடும். ஜான் நாஸ்லர் தம் குண்டு மூஸ் என்ற மிகப்பெரிய மான் ஒன்றிடம் தோற்றுப்போனதைக் கண்டு, நடுவில் செப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டைச் செய்து விற்கத் தொடங்கியது 1948இல். அதன் பிறகு அந்த வாதத்தின் சூடு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆட்கள் மட்டும் ஓயவில்லை.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் ஆண்டு, .270தான் என் கையில் இருந்தது. 220 கஜத்தில் ஒரு எல்க் என்னை விட்டுச் சரிந்து விலகி நின்றது. கடைசி விலாவுக்குப் பின்னால் குண்டு நுழைந்தது. எல்க் அசையவே இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மரங்களுக்குள் போயிற்று. நானும் நண்பரும் பனியில் இரத்தத் துளிகளை எண்ணியபடி மூன்று மணி நேரம் நடந்தோம். முதலில் கையகலத்துக்கு ஒரு துளி, பிறகு பத்தடிக்கு ஒரு துளி, பிறகு ஒன்றுமே இல்லை. இறுதியில் ஓடைக்கரையில் படுத்த நிலையில் கண்டு இரண்டாம் குண்டால் முடித்தோம். உரித்துப் பார்த்தபோது, முதல் குண்டு இரைப்பையில் நிறைந்திருந்த புல்லுக்குள் உடைந்து கிடந்தது. அது மலிவான மான் குண்டு. வாங்கியது என் கஞ்சத்தனம். அன்றிரவு நான் கீத்தின் பக்கம் சாய்ந்தேன். பிறகு ஓ'கானரைத் திருப்பிப் படித்தபோது, அப்படி நிற்கும் விலங்கைச் சுடாதே என்பதையும், குண்டு சேரவேண்டிய இடம்தான் முதன்மை என்பதையும் அவர் வேட்டைக்கு வேட்டை சொல்லியிருப்பதைக் கண்டேன். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது தோட்டாவின் பெயரை மட்டும்.

---

மரத்தச்சன் எழுதியது:

ரொக்கிமலையான் ஐயாவின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்லவேண்டும். துப்பாக்கிக் கட்டை, அதாவது தோளில் தாங்கும் மரப்பகுதி, இழைப்பது என் பொழுதுபோக்கு; ஆகவே தோட்டாவைவிட மரத்தைப் பற்றியே எனக்குக் கவலை.

ஓ'கானருடைய நெடிய செல்வாக்கு ரைஃபிளின் வடிவத்தில் இருக்கிறது என்பேன். வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேனைச் சேர்ந்த ஆல் பீசென் அவருக்குச் செய்துகொடுத்த .270 வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிளை ஐடஹோவின் லூயிஸ்டனில், அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தில் பார்த்தேன். முதற்பார்வையில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பளபளப்பு இல்லை, பதிகல் இல்லை, கன்னம் வைக்குமிடத்தில் கூன் இல்லை. 22 அங்குலக் குழல், நாலு மடங்கு பெரிதாக்கும் சிறிய ஸ்கோப், வால்நட் மரத்தில் மெல்லிய நேர்க்கோட்டுக் கட்டை. ஐந்து நிமிடம் நின்ற பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது: கைபடும் இடங்களில் மட்டும் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது, முன்கட்டையின் அடியில் குதிரைச் சேணத்து உறையில் உராய்ந்த தேய்வு இருக்கிறது. காட்சிக்குச் செய்த பொருளாகத் தெரியவில்லை. நாள்தோறும் புழங்கிய அரிவாளின் பிடிபோல இருந்தது.

1950களில் கலிஃபோர்னியப் பாணிக் கட்டைகள், கண்ணைக் கூசும் பூச்சோடும் வளைவுகளோடும், கடைகளை நிறைத்திருந்தன. அவற்றை ஓ'கானர் விடாமல் கேலி செய்தார். 1964இல் வின்செஸ்டர் செலவைக் குறைப்பதற்காக மாடல் 70ஐ மாற்றியமைத்தபோது, தம்மோடு நெடுங்காலம் நட்பாயிருந்த நிறுவனம் என்று பாராமல் மனக்குறையை எழுதினார். 1968இல் ரூகர் மாடல் 77 பழைய நேர்க்கோட்டுக் கட்டையோடு வந்து வெற்றி பெற்றது. இன்று நீங்கள் கடையில் எந்த வேட்டை ரைஃபிளைத் தோளில் வைத்தாலும், அதன் கட்டை பெரும்பாலும் அவருடைய பக்கம்தான் இருக்கும். பெயர் மறந்துபோய், பழக்கமாக மாறிவிட்ட செல்வாக்கு அது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை. அடுத்தவர் பேசலாம்.

---

பழைய சந்தாதாரர் எழுதியது:

நீங்கள் அனைவரும் செல்வாக்கின் ஒரு பக்கத்தையே பேசுகிறீர்கள். எழுத்தாளர் வாசகரை ஆளுகிறார் என்று நினைக்கிறோம். வாசகர் எழுத்தாளரைத் தூக்கி எறிந்ததையும் பார்க்கவேண்டும்.

ஓ'கானர் எழுதிய அதே 'அவுட்டோர் லைஃப்' இதழில் பிற்காலத்தில் நெடுங்காலம் எழுதியவர் ஜிம் ஸும்போ. எல்க் வேட்டையில் அவர் சொன்னதுதான் சட்டம் என்ற நிலை இருந்தது. 2007 பிப்ரவரியில், கொயோட்டி வேட்டைக்குப் போயிருந்த இடத்திலிருந்து, இராணுவத் துப்பாக்கியின் சாயலுள்ள ஏஆர்-15 வகை அரைத்தானியங்கித் துப்பாக்கிகளை வேட்டையில் பயன்படுத்தக்கூடாது என்றும் அவை பயங்கரவாதிகளின் துப்பாக்கிகள் என்றும் இணையத்தில் ஒரு குறிப்பு எழுதினார். சில நாள்களுக்குள் ரெமிங்டன் அவரோடு உறவை முறித்தது. இதழிலிருந்து விலக நேர்ந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டது. அவர் மன்னிப்புக் கேட்டதும் எடுபடவில்லை. 2013இல் 'கன்ஸ் அண்ட் அம்மோ' இதழில் டிக் மெட்காஃப் என்ற மூத்த எழுத்தாளர், ஆயுத உரிமைக்கும் எல்லா உரிமைகளையும்போல ஒழுங்குமுறை உண்டு என்ற பொருளில் ஒரு பக்கம் எழுதியதற்கு வேலையை இழந்தார். அதை வெளியிட்ட ஆசிரியரும் மன்னிப்புக் கேட்டு விலகினார்.

ஓ'கானர் இன்று இருந்திருந்தால் தப்பியிருப்பாரா? நினைத்ததை முகத்துக்கு நேரே சொல்லும் மனிதர் அவர். அவருடைய காலத்தில் கோபம் கொண்ட வாசகன் கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டி, இரண்டு வாரம் காத்திருக்கவேண்டும். அதற்குள் கோபம் ஆறிவிடும்; அடுத்த இதழும் வந்துவிடும்.

---

மூர்மார்க்கெட் வாசகன் எழுதியது:

காலத்தின் வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் ஸும்போ, மெட்காஃப் இருவரும் வீழ்ந்தது துப்பாக்கியைப் பற்றிய தீர்ப்பில் அன்று, அரசியலில். .270 எல்க்குக்குப் போதாது என்று எழுதியதற்காக யாரும் கீத்தை வேலையை விட்டுத் துரத்தவில்லை. 600 கஜத்தில் .44 கைத்துப்பாக்கியால், காயம்பட்ட மியூல் மானை வீழ்த்தியதாக அவர் எழுதியபோது நாடே சிரித்தது. பாதிப்பேர் பொய் என்றார்கள். அவர் அசையவில்லை. 1979இல் வந்த தன்வரலாற்றின் தலைப்பையே 'அட, நான் அங்கே இருந்தேனையா' என்ற பொருளில் வைத்துக்கொண்டார். வேட்டை எழுத்தாளரின் மதிப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: அங்கே இருந்தாயா, இல்லையா?

.270இன் பூசாரி என்று ஓ'கானரை வரையறுப்பதும் பிழை. அவருடைய மனைவி எலனார் சளைக்காத வேட்டைக்காரர். அவர் கையிலிருந்தது உதை குறைந்த 7×57 மாஸர். அதே தோட்டாவால்தான் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கில் யானைகளை வீழ்த்தினார். எலனாரின் மாஸரைப் பற்றி ஓ'கானர் எழுதிய பக்கங்களே அந்தப் பழைய தோட்டாவை அமெரிக்காவில் உயிரோடு வைத்திருந்தன என்று சொல்வோர் உண்டு. அவரே இந்தியாவுக்குப் புலி வேட்டைக்கு வந்தவர். இப்போது நினைத்தால் மனம் கூசும் காலம் அது. பெரிய விலங்குக்கு .375ஐ எடுப்பார். எல்லாவற்றுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டுமென்றால் .30-06ஐ அவர் குறைத்துப் பேசியதே இல்லை. பக்தர்கள்தான் சாமியை ஒரே வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள்.

---

ரொக்கிமலையான் எழுதியது:

ஐயா சொல்வது சரி. பக்தர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். இப்போது என் ரைஃபிள் .338, தோள்தான் ஒவ்வோராண்டும் முறையிடுகிறது.

---

புதுவேட்டைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரங்களாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். நூலகத்திலிருந்து ஓ'கானருடைய நூல்கள் இரண்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மூர்மார்க்கெட் ஐயா சொன்னதுபோலவே, துப்பாக்கி வருவதற்கு முன் பத்துப் பக்கம் மலைதான் வருகிறது.

நேற்றுப் பழைய துப்பாக்கி விற்கும் கடைக்குப் போனேன். அங்கே நான் விரும்பிய விலையில் .270 இல்லை. .30-06 மாடல் 70 ஒன்று இருந்தது. கட்டையில் கீறல்கள், குழலுக்குள் சுத்தம். வாங்கிவிட்டேன். கடைக்காரப் பெரியவர் சீட்டை எழுதிக்கொண்டே, "ஓ'கானர் இதை ஏற்றுக்கொண்டிருப்பாரா?" என்று கண்ணடித்தார். ஏற்றுக்கொண்டிருப்பார், அவரே எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, எந்தப் புத்தகத்தில் என்று கேட்டார். நான் சொன்ன தலைப்பை அதே சீட்டின் மூலையில் எழுதிக் கிழித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்று காலை சுடுதளத்தில் ஸ்கோப்பைச் சரிபார்த்தேன். இந்த 180 கிரெய்ன் குண்டுக்கு 100 கஜத்தில் இரண்டரை அங்குலம் உயரே வைத்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை அண்ணா, 250 கஜத்தில் எவ்வளவு தாழும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வீர்களா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தாளில் இரண்டு மூன்று அங்குலம் வரும், தம்பி. ஆனால் ஒவ்வொரு குழலும் தனித்தனிக் குணம் உடையது. 250 கஜத்தில் அட்டையை மாட்டி, மூன்று குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு எண்ணை இங்கே எழுதுங்கள். பிறகு பேசுவோம்.